தோல் கப்பலில் யார் யார் ஏறலாம்

தோல் பதனிடுகிற எங்கள் ஷாப்பில் கதை சொல்கிறவன் தோல் சுரண்ட வேண்டியதில்லை என்று ஒரு வழக்கம் இருந்தது. யார் ஆரம்பித்து வைத்தது என்று தெரியாது. நான் ஆம்பூருக்கு வேலைக்கு வருவதற்கு முன்பே இருந்தது. சுண்ணாம்புக் குழியில் ஊறிய தோலை எடுத்து, சாய்த்து வைத்த உருண்டை மரத்தின் மேல் போட்டு, இரண்டு பக்கமும் பிடி உள்ள கத்தியால் முடியையும் சதையையும் வழித்துத் தள்ளுவதுதான் எங்கள் வேலை. காலையில் குனிந்தால் பொழுது சாயும்வரை அப்படியேதான். கைக்கும் முதுகுக்கும் வேலை, வாய்க்கும் காதுக்கும் ஒன்றும் இல்லை. அதனால் ஒருவன் கதை சொல்வான், மற்றவர்கள் அவன் பங்குத் தோலைத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டு சுரண்டிவிடுவார்கள். கதை நன்றாக இருந்தால் பங்கு முழுவதும் போய்விடும். சுமாராக இருந்தால் பாதி போகும். பிடிக்கவில்லை என்றால் அவன் தோல் அவன் மரத்திலேயே கிடக்கும். வாயைத் திறந்து யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கிடக்கிற தோல்தான் தீர்ப்பு.

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனவன் இல்லை. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவது என் பேரன் மனைவி. நடுவில் நிறுத்தி, "தாத்தா, இது நெஜமா நடந்ததா, கதைக்குள்ள நடந்ததா?" என்று கேட்கிறாள். நல்ல கேள்விதான். அந்த நாளில் எங்களுக்கே அது சில நேரம் குழம்பிப் போயிருக்கிறது.

எனக்கு அந்த வழக்கம் பொழுதுபோக்கு இல்லை, சோறு. சின்ன வயதிலேயே சுண்ணாம்புக் குழியில் இறங்கியவன் நான். வலது கை விரல் இடுக்குகளைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது. நடுவிரலும் பக்கத்து விரலும் மடங்கியே நின்றுவிட்டன. கத்தியை இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் தோல் பிளந்து தண்ணீர் கசியும். மூட்டை தூக்கவும் விரல் வேண்டும், குழியில் இறங்கினால் இருக்கிற விரலும் போய்விடும். கதை சொல்ல வராமல் இருந்திருந்தால், பெண்டாட்டி பிள்ளையோடு திரும்ப ஒடுகத்தூர்ப் பக்கம் போய், எங்கள் அப்பா விட்டு ஓடி வந்த அதே பண்ணைக்காரர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கியிருப்பேன். அங்கே கூலி என்பது அவர் மனசு வைத்தால் அளக்கிற கேழ்வரகு. என் மனைவிக்கு அந்தப் பக்கம் தலை வைத்துப் படுக்கக்கூடப் பிடிக்காது.

ஆகாசக் கப்பல் கதை எனக்கு வந்தது ஒரு பகல் வேளையில். பாலாற்றுக்கு மேலே ஒரு விமானம் போனது. அதற்கு முன்னால் எங்களில் யாரும் அதைப் பார்த்ததில்லை. கத்தியைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே ஓடினோம். தோலை ஊறப்போட ஆவாரம்பட்டை இடிக்கிற பெண்கள் உலக்கையோடு வந்தார்கள். மேஸ்திரியும் எங்களைத் திட்டிக்கொண்டே வந்து, அண்ணாந்து பார்த்ததில் திட்டை மறந்துவிட்டார். அது குடியாத்தம் பக்கமாகப் போய்ப் புள்ளியாகி மறைந்தது.

சுண்ணாம்புக் குழியில் வேலை செய்த கிழவர் ஒருவர் இருந்தார். வாழ்நாள் முழுவதும் குழித் தண்ணீரில் நின்றவர். அதனால் அவருக்குச் சித்திரை வெயிலிலும் குளிரும். ஒரு கறுப்புக் கம்பளியைத் தோளில் போட்டபடியே இருப்பார். நாங்கள் பெரிசு என்று கூப்பிடுவோம். அவர் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தகரத்துல செஞ்சிருக்கறானுங்க. தோல்ல செஞ்சிருந்தா இன்னும் லேசாப் போவும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மனசுக்குள் ஒரு கப்பல் தைக்க ஆரம்பித்துவிட்டேன்.

மறுநாள் சொன்னேன். ஒரு தோல் ஷாப்பு ஆட்கள் மாட்டுத் தோலைத் தைத்து, கொல்லன் துருத்தியால் ஊதி, ஒரு கப்பல் செய்கிறார்கள். அதில் சுரண்டுகிறவன் ஒருவன், பட்டை இடிக்கிறவள் ஒருத்தி, எப்போதும் தாமதமாக வருகிற ஒரு மேஸ்திரி, கம்பளி போர்த்திய ஒரு சுண்ணாம்புக்காரர். அது பெரிசுதான் என்று எல்லோருக்கும் தெரியும். பெரிசுக்கும் தெரியும். தன் பேச்சு வரும் நேரம் பார்த்துக் குழியை விட்டு வந்து நிற்பார்.

எனக்குத் தெரிந்ததை வைத்துத்தானே நான் வானத்தைச் செய்ய முடியும். நிலா முழுக்கச் சுண்ணாம்புக் குழி, அதனால்தான் வெள்ளை என்றேன். அங்கே ஆட்களுக்குத் தலையில் முடியே கிடையாது, சுண்ணாம்பு வழித்துவிட்டது. செவ்வாய் பட்டைத் தண்ணீரில் ஊறியது, அதனால் சிவப்பு. பச்சைத் தோலை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால், பூச்சி அரித்த ஓட்டை வழியாகப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம் வரும். நட்சத்திரமும் அதுதான். வானம் ஒரு பெரிய தோல், அந்தாண்டை பகல் என்று சொன்னேன். இதைச் சொன்ன அன்று பட்டை இடிக்கிற பெண்கள்கூட உலக்கையை நிறுத்தினார்களாம். என் மனைவியும் அங்கேதான் இடிப்பாள். அவள் மட்டும் நிறுத்தவில்லை என்று வீட்டில் சொன்னாள்.

கொஞ்ச நாள் போயிற்று. எங்கள் வரிசையில் முதல் மரத்துக்காரர் ஒருவர், எனக்கு மாமன் முறை. நல்ல ஆகிருதி. மாட்டுத் தோலை ஈரத்தோடு ஒற்றைத் தோளில் தூக்கி வருவார். அவர் எந்தக் கதையை மெச்சுகிறாரோ அதைத்தான் மற்றவர்களும் மெச்சுவார்கள். அவர் ஒருநாள், "இன்னா மாப்ள, போறாங்க, பாக்கறாங்க, வர்றாங்க. தேர்த் திருவிழாவுக்குப் போன மாதிரி இருக்குது. யாராச்சும் சாவணும்பா" என்றார்.

அன்றைக்கு என் பங்கில் பாதிதான் போனது.

அதனால் மாட்டைக் கொண்டுவந்தேன். தோல் உரித்த மாடு ஒன்று வானத்தில் நடந்து வருகிறது. சதை சிவப்பாகத் தெரிகிறது, கண் மூடாது, ஏனென்றால் இமை இல்லை. ஒவ்வொரு கோளாகப் போய், "என் தோல் எங்கே?" என்று கேட்கிறது. இல்லை என்கிறவனை உரித்துப் பார்க்கிறது. கப்பல் எந்தத் தோலில் தைத்ததோ அதே மாடு. கப்பலுக்குள் இருப்பவர்களுக்கு அது தெரியும்.

இதைச் சொன்னபோது வரிசையில் எல்லாக் கத்தியும் நின்றது. தோலோடு பழகுகிறவர்களுக்குத்தான் அந்த மாடு கண்ணுக்குத் தெரியும். எங்களைச் சுற்றி அத்தனை தோலும் தொங்குகிறதே. மாமா எழுந்து வந்து என் பங்கிலிருந்து இன்னும் இரண்டு தோலைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வாரம் முழுக்க எனக்குக் கத்தியில் கை படவில்லை.

ஆனால் கேட்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. பட்டை இடிக்கிற பெண்கள் பிள்ளைகளை வேலைக்குக் கூட்டிவந்து, ஆவாரம்பட்டைக் குவியல் நிழலில் விட்டிருப்பார்கள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொன்றாகக் குவியலைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் நகர்ந்துவிட்டன. என் மகளும் அதில் ஒருத்தி. முன்பல் விழுந்து முளைக்காத வயது. நான் கதை சொல்லும்போது அவர்களைப் பார்க்கவே இல்லை. ஆட்களின் முகத்தைப் பார்த்தால்தானே பங்கு எவ்வளவு போகும் என்று தெரியும்.

வீடு வீடாக ரகளை ஆரம்பித்தது. ஒரு பையன் தோல் காயப்போட்ட கொட்டகைப் பக்கம் போக மாட்டேன் என்று அழுதான். இன்னொருத்தி அப்பாவின் தோல் வாரைக் கண்டு அலறினாள். என் மகள் தூக்கத்தில் மாடு மாடு என்று அழுதாள். ஒருநாள் காலையில் பார்த்தால், சுரண்டும்போது நான் இடுப்பில் கட்டிக்கொள்கிற தோலை வாசலுக்கு வெளியே கொண்டுபோய் மடித்து வைத்திருந்தாள். நாய் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

என் மனைவி உலையை இறக்கிவிட்டு என் எதிரில் வந்து நின்றாள்.

"பச்சப் பசங்க கேக்கற எடத்துல இன்னா கதைய்யா அது? தோல உரிக்கறதும், கண்ணு மூடாததும்."

"நான் பசங்களுக்கா சொல்றேன்? சுரண்டறவங்களுக்குச் சொல்றேன்."

"காதுக்குக் கதவு இருக்குதா? அதுங்களுக்கும் கேக்குதில்ல."

"மாட்ட எடுத்துட்டா பங்கு போவாது. அப்புறம் ஒடுகத்தூருக்குத்தான் போவணும். போலாமா?"

அவள் களியைக் கிண்டிய கட்டையைக் கழுவப் போய்விட்டாள்.

பெண்கள் எல்லோருமாகச் சேர்ந்து மேஸ்திரியிடம் போனார்கள். மேஸ்திரி பக்கத்துத் தெரு முஸ்லிம். நல்ல மனுஷன், சீக்கிரம் பதறுவார். அவருக்கு மாட்டைப் பற்றிக் கவலை இல்லை. பிள்ளைகள் கத்திக்குப் பக்கத்தில் வருவதுதான் பயம். கத்தியை வெளிப்பக்கம் தள்ளித்தான் சுரண்டுவோம், எதிரில் பிள்ளை நின்றால் என்ன ஆவது.

"தோ பார்பா, உன் கதையால பேஜாராப் போச்சு. இது பெரியவங்க கதையா, பசங்க கதையா? ஒண்ணு சொல்லு. பெரியவங்க கதைன்னா பசங்கள அந்தாண்ட முடுக்கு. பசங்க கதைன்னா சாயங்காலம் வூட்டுல சொல்லிக்க. ரெண்டும் இல்லன்னா அவனவன் தோல அவனவன் சுரண்டட்டும். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்குச் சொல்லிடு."

நான் என்ன செய்தேன் என்றால், கதையை இரண்டாக வகிர்ந்தேன். காலையில் ஆட்களுக்கு ஒன்று. மத்தியானம் கூழ் குடிக்கிற நேரம் பட்டைக் குவியல் பக்கம் போய்ப் பிள்ளைகளுக்கு ஒன்று. காலையில் மாடு உரிக்கும். மத்தியானம் அந்த மாடே கிடையாது, மொட்டைத் தலை நிலாக்காரர்களும் தாமதமாக வருகிற மேஸ்திரியும்தான். ரொம்ப கெட்டிக்காரத்தனம் செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மறந்துவிடுவேன். அந்தக் கதை அதற்குள் எங்கள் ஷாப்பைத் தாண்டிவிட்டது. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு ராணிப்பேட்டை போயிருந்தேன். அங்கே பந்தலுக்குப் பின்னால் பிள்ளைகள் கிழிந்த சாக்கை விரித்துக் கப்பல் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சுண்ணாம்புக்காரர் யார் என்றேன். ஒரு பையன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, "நான்தான். எனக்கு நெலாவுல கல்யாணம் ஆய்டுச்சி" என்றான். அது எனக்கே தெரியாது. பேரணாம்பட்டில் மாட்டுக்கு இரண்டு தலை என்று கேள்விப்பட்டேன். அவரவர் ஊருக்கு ஏற்ற மாதிரி. நான் சண்டைக்குப் போகவில்லை, போய் யாரைக் கேட்பது.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். அந்த வாரச் செவ்வாய்க்கிழமை காலையில் சுண்ணாம்புக்காரரை மாட்டுக்குக் கொடுத்துவிட்டேன். மாமா யாராவது சாக வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார், எனக்கும் வேறு ஆள் இல்லை. மாடு கப்பலுக்குள் கழுத்தை நீட்டி அவரை உரித்தது. நிஜப் பெரிசு பின்னால் நின்று கேட்டுவிட்டு, "நல்லாத்தான் கொன்ன" என்று சிரித்துக்கொண்டே குழிக்குப் போனார். பங்கு முழுவதும் போயிற்று.

அன்று மத்தியானம் பிள்ளைகளிடம், சுண்ணாம்புக்காரர் நிலாவில் களியும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டார் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் நிழல் விழுந்தது. மாமா நின்றிருந்தார். கூழ்ச் சட்டி கையில்.

"இன்னாடா இது. காலையில செத்தவன் மத்தியானம் எப்படிடா சோறு துன்றான்?"

பிள்ளைகள் எல்லாம் அவரைப் பார்த்தன. என் மகள் என்னைப் பார்த்தாள்.

"நைனா, அவரு செத்துட்டாரா?"

"இல்லம்மா."

"பின்ன எதுக்கு நாங்க உன் தோல சுரண்டனோம்?" என்றார் மாமா. "சாவுக்கு ஒரு பங்கு வாங்கிக்கினே. இந்தாண்ட வந்து உயிர் குடுத்துக்கினு இருக்கறே. எங்களுக்குச் சொன்னது பொய்யா, இதுங்களுக்குச் சொல்றது பொய்யா?"

கதை முழுக்கவே பொய்தானே என்று எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. அவருக்கும் அது தோன்றவில்லை. பிள்ளைகளும் கோபமாகத்தான் எழுந்து போனார்கள். அவர்களுக்கும் ஏமாந்த மாதிரிதான் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையில் என் தோல் என் மரத்திலேயே கிடந்தது. நான் கதை சொல்லவில்லை. கத்தியை எடுத்தேன். பொழுது சாயும்போது மற்றவர்கள் கை கழுவிக்கொண்டு போய்விட்டார்கள், நான் பாதிகூட முடிக்கவில்லை. பிடியில் ரத்தம் ஒட்டியிருந்தது. வழுக்குகிற தோலை என்னால் இறுக்கிப் பிடிக்க முடியவில்லை, கத்தி ஓடும்போது தோலும் கூடவே ஓடியது.

என் மனைவி உலக்கையைச் சாய்த்துவிட்டு வந்தாள். சுரண்டும் மரத்துப் பக்கம் பெண்கள் வரும் வழக்கம் இல்லை. அவள் மரத்துக்கு அந்தப் பக்கம் போய், தோலின் நுனியைச் சுருட்டித் தன் வயிற்றோடு சேர்த்து அமுக்கிப் பிடித்துக்கொண்டாள். சேலையில் சுண்ணாம்புத் தண்ணீர் ஊறியது.

"தள்ளு" என்றாள்.

தள்ளினேன். தோல் நகரவில்லை. இரண்டு பேரும் அப்படியே முடித்தோம். நடுவில் ஒருமுறை, "நீ இல்லன்னா எப்படிச் செய்வ?" என்று, ‘நான்’ என்பதற்கு ‘நீ’ என்று வாய் தவறிக் கேட்டவள், அது அர்த்தமில்லாமல் இருப்பதைப் பார்த்துத் தானே சிரித்தாள். அப்புறம் சிரிக்காமல் சொன்னாள்: "அங்க போவ வேணாம்யா. எப்படியாச்சும் இங்கியே இரு."

மகள் பட்டைக் குவியலில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளையும் கூட்டிக்கொண்டு ஆற்று மணலில் நடந்து வீட்டுக்குத் திரும்பினோம். மணலில் இன்னும் சூடு இருந்தது. அவள் என் தோளில் இருந்தாள். என் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"நைனா, தோல் இல்லன்னா அதுக்குக் குளிராது?"

"எதுக்கு?"

"மாட்டுக்கு."

நான் நின்றுவிட்டேன். "அதுக்குப் பயந்துகினுதான என் இடுப்புத் தோல வெளிய வெச்ச?"

"பயந்தும்தான்" என்றாள். "ஆனா அதுக்குக் குளிருமில்ல. போத்திக்கட்டுமேன்னு வெச்சேன். சின்னதா இருந்ததுனு எடுத்துக்கல போல. நாய் எடுத்துக்கிச்சி."

என் மனைவி முன்னால் போய்க்கொண்டிருந்தவள் திரும்பினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாள் அந்த மாடு என்ன செய்யும் என்று யோசித்தேனே தவிர, அதற்கு எப்படி இருக்கும் என்று நினைத்ததே இல்லை. தோலிலேயே கிடக்கிறவன் நான், எனக்குத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளியும் மேஸ்திரியும் மற்ற சாயபுகளும் தொழுகைக்குப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை ஷாப்பில் வேலை நிற்கும், கத்தி ஓடாது, உலக்கை விழாது. நான் மாமாவிடம் போய்ச் சொன்னேன்: "ஒரே கதையாச் சொல்றேன். பசங்களும் இருப்பாங்க, நீங்களும் இருங்க. புடிக்கலன்னா வுட்டுடுங்க. மேஸ்திரிகிட்ட நானே சொல்லிக்கறேன்."

"செத்தவன் செத்தவனாவே இருப்பானா?"

"இருப்பான்."

அவர் துண்டை உதறித் தரையில் போட்டு உட்கார்ந்தார். மற்றவர்களும் வந்தார்கள். பிள்ளைகளைப் பெண்கள் மடியிலும் பக்கத்திலும் வைத்துக்கொண்டார்கள். பெரிசும் குழியிலிருந்து ஏறிவந்து, பிள்ளைகளுக்கு நடுவில் இடம் பிடித்துக் களியை உருட்ட ஆரம்பித்தார்.

செவ்வாய்க்கிழமை சொன்னதைத் தள்ளிவிட்டு, மாட்டிலிருந்தே புதிதாக ஆரம்பித்தேன். மாடு கப்பலுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. என் தோல் எங்கே என்கிறது. ஒரு பையன் அம்மாவின் முந்தானைக்குள் தலையை விட்டுக்கொண்டான். கப்பலில் மற்றவர்கள் எல்லாம் ஒளிந்துகொள்கிறார்கள். சுண்ணாம்புக்காரர் மட்டும் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறார். அது நடுங்குவதை அவர்தான் பார்க்கிறார், ஏனென்றால் அவருக்கும் குளிரும். "உன் தோல் இதுதாம்மா" என்று கப்பலைத் தட்டிக் காட்டுகிறார். "சுண்ணாம்பு போட்டவன் நான்தான். இனிமே இது உனக்கு ஒட்டாது." தோளிலிருந்த கம்பளியை எடுத்து அதன் முதுகில் போர்த்துகிறார். இமை இல்லாத கண்ணுக்கு மேலேயும் கொஞ்சம் இழுத்துவிடுகிறார். மாடு அப்படியே நின்று தூங்குகிறது. அது எத்தனை காலமாகத் தூங்கவில்லையோ. அப்புறம் எழுந்து, யாரையும் ஒன்றும் செய்யாமல், திரும்பி நடந்து போகிறது.

கப்பல் போய்க்கொண்டே இருக்கிறது. வானத்தில் குளிர். சுண்ணாம்புக்காரரிடம் கம்பளி இல்லை. அவர் ஒரு ஓரமாக உட்கார்ந்து, கால்களை மடக்கிக்கொண்டு, அப்படியே செத்துப்போகிறார்.

நிறுத்திவிட்டேன். பிள்ளைகள் அழும் என்று காத்திருந்தேன். அழவில்லை. முந்தானைக்குள் இருந்த பையன் தலையை வெளியே நீட்டி, "மாட்டுக்கு இனிமே குளிராதா?" என்றான்.

"குளிராது."

"அப்ப சரி" என்றான்.

மாமாதான் பொறுக்க மாட்டாமல் பேசினார். "இன்னாடா அநியாயமா இருக்குது. அவ்ளோ பெரிய கப்பல்ல ஒரு கோணிகூடவா இல்ல?"

"இல்ல மாமா."

"கப்பலே தோலுதான? ஒரு துண்டு கிழிச்சிப் போத்தியிருக்கலாமில்ல."

என் மகள் எழுந்து நின்றாள். "கிழிச்சா காத்து போய்டும். கப்பலு வுழுந்துடும். எல்லாரும் செத்துடுவாங்க."

"பட்ட இடிக்கறவ சேலையக் குடுத்திருக்கலாம்" என்றார் இன்னொருவர்.

"அப்ப அவ இன்னாத்தக் கட்டிக்குவா?" என்றாள் என் மனைவி. எல்லோரும் சிரித்தார்கள்.

மாமா சிரிக்கவில்லை. "யாராச்சும் சாவணும்னு சொன்னது நான்தான். அதுக்காக இப்படியாடா. மாடு உரிச்சிதுன்னா சரி, வுட்டுத் தள்ளிடலாம். இது இன்னாது, மாட்டுக்குப் போத்திட்டு… வேணாம்பா. திருப்பி எழுப்பிடு. உன் பங்கு முச்சூடும் நானே சுரண்டறேன்."

"செத்தாச்சின்னா செத்தாச்சி" என்றது ஒரு குட்டி.

"மாமா, அன்னிக்கு நீதான கேட்ட, செத்தவன் எப்படி சோறு துன்றான்னு" என்றாள் என் மகள்.

அதற்குள் பிள்ளைகள் பெரிசைச் சூழ்ந்துகொண்டன. ஒருத்தி அவர் முழங்கையைத் தொட்டுப் பார்த்தாள். "தாத்தா, நீ செத்துட்ட. உன் சொம்பு யாருக்கு?"

பெரிசு களியை விழுங்கிவிட்டு யோசித்தார். விளையாட்டுக்கு யோசிக்கிற முகம் இல்லை அது. "சொம்பு உனக்கு. கைத்தடி அவனுக்கு, தோ, அந்த மூக்கொழுகிக்கு."

"கம்பளி?"

"அதான் மாட்டுக்குக் குடுத்துட்டேனே."

"திருப்பிக் கேக்க மாட்டியா?"

"குடுத்தத எப்படிக் கேக்கறது. அதுவும் இல்லாம எனக்கு இப்ப அது எதுக்கு, கண்ணு?"

தோளில் அந்தக் கம்பளியைப் போட்டுக்கொண்டுதான் இதைச் சொன்னார். பிள்ளைகளுக்கு அதில் ஒரு குழப்பமும் இல்லை. பெரியவர்கள்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சட்டியைக் கழுவப் போனார்கள். மாமா கிணற்றடிக்குப் போய் ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

மேஸ்திரி திரும்பி வந்து கையைத் தட்டினார். "ஜல்தி ஜல்தி. போதும் கூட்டம்." என்னைப் பார்த்து, "இன்னாபா, முடிவு பண்ணியா?" என்றார்.

முடிவு என் கையில் இல்லை. என் தோல் என் மரத்தின் பக்கத்தில் குவியலாகத்தான் கிடந்தது. நான் போய்க் கத்தியை எடுத்தேன். மனைவி பட்டை உரலடியில் உலக்கையைப் பிடித்துக்கொண்டு, இடிக்காமல், இந்தப் பக்கம் பார்த்தபடி நின்றாள்.

மாமா முகத்தில் தண்ணீர் சொட்ட வந்தார். "கைய எடு" என்றார். கத்தியை வைத்தேன். என் குவியலில் பாதியை ஒரே தூக்காகத் தோளில் போட்டுக்கொண்டார். சுண்ணாம்புத் தண்ணீர் அவர் முதுகில் வழிந்தது. மீதியைப் பக்கத்து மரத்துக்காரர்கள் இழுத்துக்கொண்டார்கள். உரலில் உலக்கை விழும் சத்தம் கேட்டது.

"பசங்க?" என்றார் மேஸ்திரி. "கத்தி கித்தி பட்டா நான்தான் பதில் சொல்லணும்."

மாமா தோலை மரத்தின் மேல் போட்டுவிட்டு, ஒரு கை சுண்ணாம்பை அள்ளிவந்து, எங்கள் மரங்களுக்கு எதிரே, கத்தி எட்டாத தூரத்தில், தரையில் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை ஒரு கோடு இழுத்தார்.

"இத்தத் தாண்டி எந்த வாண்டும் வரக்கூடாது. அந்தாண்ட உக்காந்து கேளுங்க. சத்தம் போட்டா முடுக்கிடுவேன்."

மேஸ்திரி கோட்டைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், போய்விட்டார்.

மாமா தன் மரத்தில் குனிந்தார். இரண்டு தள்ளு தள்ளிவிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அந்த மாடு இப்ப எங்க நிக்குது மாப்ள?" என்றார்.

"இன்னும் தெரியல மாமா."

"யோசிச்சி சொல்லு. அவசரமில்ல."

பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தன. என் மகள் கால்களை நீட்டி, கட்டைவிரல்கள் கோட்டைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி வைத்துக்கொண்டு, என் வாயைப் பார்த்தாள்.